வேகம் இருக்கட்டும், முதலில் நடக்க விடுங்கள்!

நடுவர் அவர்களே, எதிரே அமர்ந்திருக்கும் அவசரக்கார நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"ஒரு நகரத்துக்குப் பெருமை சேர்ப்பது விரைந்து செல்லும் வசதியா, அச்சமின்றி நடக்கும் சுதந்திரமா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் மேம்பாலம், சுரங்கப்பாதை, எட்டு வழிச்சாலை என்று அடுக்கிவிட்டு, "நடப்பதெல்லாம் ஒரு சுதந்திரமா? கால் இருக்கிறது, நடக்கிறோம்" என்று ஒரு போடு போட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்; அழகாகத்தான் சொன்னார். ஆனால், கால் இருந்தால் போதுமா?

1992 முதல் 1996 வரை போஸ்னியாவின் சரயேவோ நகரம் முற்றுகையில் கிடந்தது. சுற்றியிருந்த மலைகளிலிருந்தும் உயரமான கட்டடங்களிலிருந்தும் தெருவில் போகிறவர்களைக் குறிபார்த்துச் சுட்டார்கள். சந்திப்புகளில் அதற்கென்றே எச்சரிக்கைப் பலகைகள். தண்ணீர் கேனோடு வருகிறவர் தெருமுனையில் நிற்பார், மூச்சை இழுத்துப் பிடிப்பார், அப்புறம் குனிந்தபடி ஒரே ஓட்டம். கன்டெய்னர்களைக் குறுக்கே நிறுத்தி, அந்த மறைவில் ஒண்டிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். நண்பரே, அவர்களுக்கும் கால் இருந்தது. நீங்கள் கேட்கும் வேகமும் இருந்தது. அந்த ஊரில் எல்லோரும் வேகமாகத்தான் போனார்கள்! மெதுவாகப் போகத்தான் முடியவில்லை.

"போரை ஏன் இழுக்கிறீர்கள்?" என்பீர்கள். சரி, போர் வேண்டாம். இரவு வேலை முடிந்து தனியாக வீடு திரும்பும் ஒரு பெண்ணைப் பாருங்கள். சாவியை விரலிடுக்கில் பிடித்திருக்கிறாள். காதில் போன், மறுமுனையில் யாரும் இல்லை, பேசுவது போல் நடிக்கிறாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்கிறது. விளக்கு வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நின்று, அந்த ஆளை முன்னே போகவிட்டு, அதன் பிறகுதான் நகர்கிறாள். அந்த ஆள் பாவம், நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவளுக்கு எப்படித் தெரியும்? மற்றபடி, அவளும் வேகமாகத்தான் நடக்கிறாள். அந்த வேகத்துக்குப் பெயர் வசதியா ஐயா?

1977இல் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒருவன் பெண்களைக் கொன்றுகொண்டிருந்தான். இரவில் வெளியே போகாதீர்கள் என்று பெண்களுக்குத்தான் அறிவுரை வந்தது. கொல்கிறவன் தெருவில், பெண்கள் வீட்டுக்குள். என்ன நியாயம் பாருங்கள்! அந்த நவம்பரில் லீட்ஸிலும் வேறு பல ஊர்களிலும் பெண்கள் திரண்டு, இரவு நேரத்தில் தெருவில் இறங்கி நடந்தார்கள். ரயில் விடுங்கள், பாலம் கட்டுங்கள் என்றா கேட்டார்கள்? இரவில் நடக்கும் உரிமையைக் கேட்டார்கள்.

"ஆம்புலன்ஸுக்கு வேகம் வேண்டாமா?" என்றும் நண்பர் உருகினார். வேண்டும், யார் மறுத்தது? அதில் ஏற்றப்படுகிறவர் யார் என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். உலகச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 லட்சம் பேர் சாகிறார்கள். அவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நடந்து போனவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வண்டியின் வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 50 ஆனால், "இருபதுதானே கூடியிருக்கிறது" என்று தோன்றும். மோதலின் ஆற்றலோ கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. நடக்கிறவருக்கு இரும்புக் கூண்டு ஏது, காற்றுப்பை ஏது?

நடைக்கு மரியாதை கொடுத்த ஊர்கள் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. ஸ்பெயினின் பொந்தேவேத்ரா 1999 முதல் நகரின் நடுப்பகுதியில் கார்களை ஒதுக்கி, நடப்பவர்களுக்கு வழிவிட்டது. நார்வேயின் ஆஸ்லோவில் 2019ஆம் ஆண்டு முழுக்கப் பாதசாரியோ சைக்கிளில் போனவரோ ஒருவர்கூடச் சாலை விபத்தில் சாகவில்லை. தலைநகரம் ஐயா அது, குக்கிராமம் இல்லை!

நேரம் முடிந்தது என்று நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு கணக்கு, முடித்துவிடுகிறேன். பாதசாரிகளுக்கான பச்சை விளக்கை அமைக்கும்போது, ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று பல நாடுகளில் வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் 24 மீட்டர் அகலச் சாலைக்கு 20 விநாடி. கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கிறார். விளக்கு மாறும்போது அவர் 16 மீட்டரில் நிற்பார். இந்தப் பக்கமும் திரும்ப முடியாது, அந்தப் பக்கமும் சேர முடியாது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இரண்டு பக்கமும் ஹாரன் வேறு.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். மீதி எட்டு மீட்டரை அந்தப் பெரியவர் எப்படிக் கடப்பார் என்று மட்டும் சொல்லட்டும். நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கச் சொல்லாமல்!