இரவில் எத்தனை தாதியர்?

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மாரி பிறந்தால் மட்டக்களப்பு, அம்பாறை வைத்தியசாலை விடுதிகள் டெங்கு நோயாளரால் நிறைந்துவிடும். ஒரு தாதி எத்தனை பேரைப் பார்க்கலாம் என்பதை அங்கேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டெங்குவில் ஆபத்தான கட்டம் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் 24 முதல் 48 மணித்தியாலம். பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் அது தொடங்கும். "காய்ச்சல் விட்டுட்டு மிஸ்ஸி, வீட்ட போகலாமா?" என்று உறவினர் கேட்கும் நேரமும் அதுதான். அப்போது மணிக்கொரு தடவை நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சுவாசம், கைகால் குளிர்ச்சி, சிறுநீரின் அளவு எல்லாம் பார்த்து எழுத வேண்டும். மேல் அழுத்தம் 100 என்று நன்றாகவே தெரியும்; கீழ் அழுத்தம் 80க்கு ஏறியிருக்கும். இரண்டுக்கும் இடைவெளி 20க்கு வந்துவிட்டால் அது அதிர்ச்சி நிலை, அதாவது உடலுக்கு இரத்த ஓட்டம் போதாமல் போகும் ஆபத்து. அவசரத்தில் மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது.

ஒருவருக்கு 6 நிமிடம் என்று வையுங்கள். இப்படிப் பத்துப் பேர் இருந்தால் மணித்தியாலம் முழுவதும் அதற்கே போய்விடும். சேலைன் வேகத்தை மாற்றவோ புதிதாக வந்தவரைப் பார்க்கவோ நேரமில்லை. இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டிய அழுத்தம் நாலு மணிக்குப் பார்க்கப்படும். இது சோம்பலல்ல, கூட்டல் கணக்கு. நாலு பேரென்றால் 24 நிமிடம். மிச்ச நேரம் மற்ற வேலைக்கு.

ஒரு தாதிக்கு இத்தனை நோயாளர்தான் என்பது கலிபோர்னியாவில் 2004 முதல் சட்டம்: தீவிர சிகிச்சையில் 2 நோயாளர், பொது மருத்துவ விடுதியில் இப்போது 5. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2015இல் சட்டமாக்கியது. பெரிய வைத்தியசாலைகளில் பகலில் நாலு பேருக்கு ஒரு தாதி. பொறுப்புத் தாதி அதற்கு மேலதிகம். அந்த மேலதிகம் முக்கியம். பொறுப்பாளரையும் மாணவரையும் சேர்த்து எண்ணினால் கடதாசியில் மட்டும்தான் ஆள் இருக்கும். 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் சத்திரசிகிச்சை நோயாளரை ஆராய்ந்தபோது, தாதி ஒருவருக்கு ஒரு நோயாளர் கூடினால் 30 நாளுக்குள் மரணிக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுவதோடு சேர்ந்திருந்தது.

ஆளணியைக் கணக்கிடுவதிலும் பிழை நடக்கிறது. வாரத்துக்கு 168 மணித்தியாலம். ஒருவர் 40 மணித்தியாலம் வேலை செய்தால், ஓர் இடத்தை இரவு பகலாக நிரப்ப 4.2 பேர், சுகவீன லீவு, பிரசவ லீவு, பயிற்சி சேர்த்தால் ஐந்து. எந்நேரமும் நாலு தாதியர் நிற்க இருபது பேர் வேண்டும். நோயாளரை எண்ணும்போது கட்டிலை எண்ணக்கூடாது, பாயில் படுத்திருப்பவரையும் சேர்த்துத் தலையை எண்ண வேண்டும். இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரையான நீண்ட முறைக்குத்தான் ஆள் குறைவாகப் போடப்படுகிறது. டெங்கு இரவென்று பார்ப்பதில்லை.

ஆள் கூடும்வரை, ஆபத்துக் கட்டத்தில் இருப்போரைத் தாதியர் மேசைக்குப் பக்கத்தில் ஒன்றாகச் சேர்த்து, அவர்களுக்கென்றே ஒரு தாதியை ஒதுக்குவதே நல்லது. துணைக்கு நிற்பவர்களே, குடித்த நீரையும் போன சிறுநீரையும் அளந்து நேரத்தோடு எழுதி வையுங்கள். சிறுநீரைக் காட்டாமல் ஊற்றிவிடாதீர்கள். மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் தாதியைக் கேள்வி கேட்டு நிறுத்தாதீர்கள். ஆனால் நோயாளிக்குக் கைகால் குளிர்ந்தாலோ, வயிறு கடுமையாக நொந்தாலோ, அந்தரப்பட்டாலோ உடனே கூப்பிடுங்கள்.