முப்பது டாலர் மெட்டும் ஒரு குதிரையும்

அவையோருக்கு வணக்கம்.

"அந்தப் பாட்டு இணையத்தில் தானாகப் பரவிவிட்டது" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். தானாகப் பரவுவதாகச் சொல்லப்படும் வதந்திக்குக்கூட முதலில் ஒரு வாய் வேண்டும். 'ஓல்ட் டவுன் ரோட்' என்ற பாட்டுக்கு அந்த வாய் யாருடையது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பின இளைஞர் ஒருவர் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டுச் சகோதரி வீட்டில் ஒதுங்கியிருந்தார். வயது 19. மேடைப் பெயர் லில் நாஸ் எக்ஸ். இணையத்தில் மெட்டு விற்கும் சந்தையில் 30 டாலர் கொடுத்து ஒரு மெட்டை வாங்கினார். அதை அமைத்தவர் நெதர்லாந்துக்காரரான யங்கியோ என்னும் இன்னொரு இளைஞர். 'நைன் இன்ச் நெய்ல்ஸ்' என்ற ராக் குழு 2008இல் வெளியிட்ட, பாட்டுவரிகளே இல்லாத ஓர் இசைத்துண்டிலிருந்து பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியத்தின் ஒலியை எடுத்து, அதன் கீழே கனத்த தாளத்தைப் போட்டிருந்தார். அதன்மேல் ஊரைவிட்டுக் குதிரையில் கிளம்பும் ஒருவனின் கதையைப் பாடி, 2018 டிசம்பர் 3ஆம் தேதி வெளியிட்டார் நம் இளைஞர். இரண்டு நிமிடம்கூட ஓடாத பாட்டு!

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாய்க் கூவி விற்பவரைப் போல அலைந்தார். நையாண்டிப் படங்களைத் தயாரித்து, ஒவ்வொன்றிலும் பாட்டை ஒட்டி ட்விட்டரில் போட்டுக்கொண்டே இருந்தார். ரெட்டிட் தளத்தில் ஒன்றும் அறியாதவர் போல நுழைந்து, "குதிரையைப் பற்றி ஒரு பாட்டு வருமே, அதன் பெயர் என்ன?" என்ற பாவனையில் தன் பாட்டைப் பற்றித் தானே கேள்வி போட்டார்! பாட்டு வெளிவந்த மறுநாளே, 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசையின் பழைய பாடகர் பில்லி ரே சைரஸைத் தன்னோடு பாட வைக்க உதவுங்கள் என்று எழுதினார். அன்று அதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு.

பிறகு டிக்டாக் வந்தது. ஒரு பெண் வீட்டு உடையில் நிற்கிறாள். பாஞ்சோ மட்டும் சிணுங்குகிறது. கையிலிருக்கும் குவளையை வாயில் கவிழ்த்துக்கொள்கிறாள். தாளம் தொப்பென்று விழும் அந்த நொடியில் ஒரு குதி. தரையில் கால் படும்போது தலையில் தொப்பி, காலில் நீண்ட பூட்ஸ், முழுக் கௌபாய்க் கோலம். சில நொடிகளில் முடிந்துவிடும் இந்த வேடிக்கையை ஆயிரமாயிரம் பேர் செய்து பார்த்தார்கள். பாட்டில் அந்தத் தாளம் விழும் இடம் இல்லாவிட்டால் வேடிக்கைக்கு இடமே இல்லை.

2019 மார்ச்சில் பில்போர்டு இதழின் கன்ட்ரி பாடல் பட்டியலில் பாட்டு 19ஆம் இடத்தில் நுழைந்தது. உடனே கதவைச் சாத்தினார்கள். கௌபாய்ச் சங்கதிகள் இருந்தாலும் இன்றைய கன்ட்ரி இசையின் கூறுகள் போதாது என்று விளக்கம் சொல்லி நீக்கிவிட்டார்கள். எனக்கு அந்த விளக்கம் அன்றும் செரிக்கவில்லை, இன்றும் செரிக்கவில்லை. பாஞ்சோ யாருடைய வாத்தியம்? மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் நினைவிலிருந்த கருவியைச் சுரைக்குடுக்கையில் மறுபடி செய்துகொண்டதிலிருந்து வளர்ந்தது அது. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பருக்கு ஒரு வரிசை, வெள்ளைக் கிராமத்தாருக்கு ஒரு வரிசை என்று விற்பனைக்காகப் பிரித்தன. கடைக்காரர் இழுத்த கோடு, நாளடைவில் பரம்பரை வேலியாகிவிட்டது.

நீக்கிய செய்தியே பாட்டுக்குப் பெரிய விளம்பரமானது. ஏப்ரல் 5 அன்று மறுவடிவம் வந்தது. அதில் பாடியவர், ஆமாம், அதே பில்லி ரே சைரஸ்! அப்போதும் கன்ட்ரி பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் எல்லா வகைப் பாடல்களும் மோதும் 'ஹாட் 100' பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. அதற்கு முந்தைய சாதனை 16 வாரம்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அந்த நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கமே இந்தப் பாட்டுக்கு ஒரு விருது கொடுத்தது. தயாரிப்பாளர் என்ற முறையில் அதில் பங்கு பெற்றவர்களில் ஒருவர், அந்தப் பாஞ்சோத் துண்டை உருவாக்கிய, நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர். காதைப் பிளக்கும் இயந்திர இரைச்சலை இசையாக்கியே பெயர் வாங்கிய மனிதர். அவர் இப்போது கன்ட்ரி விருதாளர்.