டைமிங் கவரைத் திறந்த பிறகு கேம் வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கொல்லிமலைக்கு வண்டியில் ஏறியவர்களுக்கு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் மறக்காது. 2011-ல் என் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-ல் கிளம்பினேன். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை, டேங்க் மேல் ஒரு கூடாரச் சுருள். இரண்டு வாரத்துக்கு முன்புதான், இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் பாகமான கேமில், ஆசை ஆசையாக 'ரேஸ் கேம்' என்று சொல்லி விற்ற ஒரு செட்டை வாங்கி மாட்டியிருந்தேன். நாமக்கல் வரை வண்டி பறந்தது. காரவள்ளியில் மலை தொடங்கியதும் நிலைமை மாறிவிட்டது. வளைவில் வேகம் குறைகிற இடத்தில் எல்லாம் இழுவை செத்துப்போனது. இரண்டாவது கியரில் திணறியது. முதல் கியருக்கு இறக்கினால் கத்தியது. கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஓட்டியதில், பாதி மலை ஏறுவதற்குள் கருகிய வாடை வந்துவிட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போய்த் தண்ணீர் வாங்கி வந்தோம்.

அன்றைக்குத் தொடங்கிய தேடலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன். நெடுந்தூரம் சுமையோடு போகிற வண்டிக்கு, கையில் கொஞ்சம் பணம் மட்டும் இருக்கும்போது, கேமில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

பாடநூலில் நெம்புருள் என்பார்கள், பட்டறையில் கேம்தான். கிட்டத்தட்ட முட்டை வடிவம். அதன் மூக்கு, மேலே உட்கார்ந்திருக்கும் டேப்பட் என்ற சிறு தண்டைத் தூக்க, டேப்பட் புஷ் ராடைத் தூக்க, ராக்கர் அந்தப் பக்கம் வால்வை அழுத்தித் திறக்கிறது. பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் வால்வு நிமிடத்துக்கு 1,500 தடவை திறக்கும். மணிக்கு 90,000 தடவை. நாள் முழுக்க, எட்டு மணி நேரம் ஓட்டினால் 7,20,000 தடவை. அத்தனை முறையும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தைத் தாங்கி உரசுவது, விரல் நகம் அகலம்கூட இல்லாத ஒரு கோட்டில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தயக் கேம் வால்வை அதிக நேரம் திறந்து வைக்கிறது. வேகமாகச் சுற்றும்போது அது நல்லது. உள்ளே பாய்கிற காற்றுக்கு வேகம் இருப்பதால், பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பிறகும் சிலிண்டர் நிரம்பிக்கொண்டே இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. இன்லெட் வால்வு இன்னும் மூடாமல் இருக்க, மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையைத் திரும்ப கார்புரேட்டர் பக்கமே தள்ளிவிடும். மிச்சம் இருப்பதைத்தான் அழுத்த முடியும். பழைய புல்லட்டின் கம்ப்ரஷன் விகிதமே, அதாவது கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதே, குறைவுதான். இருக்கிற கொஞ்ச அழுத்தத்தையும் இப்படிப் பறிகொடுத்தால் மலையில் என்ன மிஞ்சும்? கேம் விற்றவர் பொய் சொல்லவில்லை. 4,000 சுற்றுக்கு மேல் அது நன்றாகவே இழுத்தது. ஆனால் சுமை வண்டி வாழ்வது 2,000-க்கும் 3,500-க்கும் நடுவில்.

திரும்பி வந்து, கழற்றி வைத்த பழைய கேமை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அதுதான். புகை வெளியேறும் வால்வைத் திறக்கும் எக்ஸாஸ்ட் கேமின் மூக்கில் பளபளப்பு இல்லை. சாம்பல் பூத்த மாதிரி மங்கல். நகத்தை வைத்து இழுத்தால் சின்னக் குழிகளில் தட்டியது. டேப்பட்டின் அடிப்பாகத்தில் ஒரு ஓரம் பெயர்ந்திருந்தது. வெர்னியரில் மூக்கு நுனியிலிருந்து பின்புறம் வரை ஒரு அளவு, குறுக்கே வட்டப் பகுதியில் ஒரு அளவு. முதலதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் கேமின் தூக்கம் (லிஃப்ட்), அதாவது அது டேப்பட்டைத் தூக்கும் உயரம். கடையிலிருந்த புது ஸ்டாண்டர்டு கேமோடு ஒப்பிட்டால் அரை மில்லிமீட்டருக்கும் மேல் குறைந்திருந்தது. அதாவது, நான் 'பவர் போதவில்லை' என்று நினைத்ததற்குக் காரணம் கேமின் டிசைன் இல்லை, தேய்மானம்.

அதனால்தான் சொல்கிறேன்: நெடும்பயண வண்டிக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் மிகச் சிறந்த கேம், தேயாத ஸ்டாண்டர்டு கேம். அதற்கு மேல் வேண்டுமென்றால் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டாமல், தூக்கத்தை மட்டும் சற்றே கூட்டிய மிதமான கேம். அதைத் தாண்டி எதுவும் வேண்டாம்.

கையில் இருந்தது 6,000 ரூபாய். இரண்டு கேமும் இரண்டு டேப்பட்டும் புதிதாக வாங்கினேன். டேப்பட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள், இதை மன்றாடிக் கேட்கிறேன். பழைய டேப்பட்டின் அடி, பழைய கேமுக்கு ஏற்றபடி தேய்ந்து படிந்தது. அதைப் புதுக் கேம் மேல் வைத்தால் சில நூறு கிலோமீட்டரிலேயே புதுக் கேமையும் தின்றுவிடும். சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமானில் எதை வேண்டுமானாலும் தேடுங்கள், டேப்பட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

பழைய கேமையே கிரைண்டிங் செய்து தரலாமே என்பார்கள். மூக்கைத் தொடாமல் பின்வட்டத்தைக் குறைத்தால் தூக்கம் கூடும் என்பது உண்மை. ஆனால் கேமின் கடினத்தன்மை மேல்தோலோடு சரி. அதைத் தாண்டி அரைத்துவிட்டு மறுபடி ஹார்டனிங் செய்யாமல் விட்டால், மென்மையான இரும்பு மேல்தான் டேப்பட் ஓடும். ஸ்பேர்ஸே கிடைக்காத வண்டிக்கு, நல்ல கிரைண்டர் கிடைத்தால் செய்யலாம். கடைக்குக் கடை கேம் கிடைக்கும் புல்லட்டுக்குத் தேவையே இல்லை. 2008 முதல் வந்த யூசிஇ இன்ஜினில் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்தது) ஹைட்ராலிக் லிஃப்டர், அதாவது ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் டேப்பட். பின்வட்டம் குறைந்தால் அது ஈடுகட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு.

அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் நெடும்பயண வண்டிக்காரர்கள் செய்வதில் நமக்கு உதவும் ஒரு பழக்கம் இருக்கிறது. 1999 மாடலில் வந்த ட்வின் கேம் 88 இன்ஜினில் கேம்களை ஓட்டுவது செயின். அந்தச் செயினை ஸ்பிரிங் விசையில் அழுத்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஷூ தேய்ந்து, துகள்கள் ஆயிலில் கலந்து பம்பைக் கெடுத்தன. 2007-ல் அந்த வரிசை முழுவதும் ஆயில் அழுத்தத்தில் செயினைப் பிடிக்கும் ஹைட்ராலிக் டென்ஷனருக்கு மாறியது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஷூவைப் பார்க்கத் திறக்கும்போதே கேமையும் மாற்றிவிடுகிறார்கள். கூலி ஒரு தடவைதான். புல்லட்டில் செயின் இல்லை, கியர்தான். ஆனாலும் வேறு வேலைக்கு, கேமை மூடியிருக்கும் வலதுபக்க டைமிங் கவரைத் திறக்கும் நாளில் கேமையும் அளந்துவிடுங்கள்.

மாட்டும்போது கியர்களின் குறிகளை நேராக வைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றி இரண்டு மூன்று தடவை சரிபார்க்கலாம். தூக்கம் கூடிய கேம் என்றால் ஹெட்டைத் திறந்து, பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஹெட்டை மாட்டிச் சுற்றிவிட்டுத் திரும்பக் கழற்றி, அழுந்திய இடத்தை அறுத்து அளக்க வேண்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இன்லெட் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். இதற்குச் சோம்பல்பட்டு வால்வை வளைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்ஜின் ஆறியிருக்கும்போது புஷ் ராடு விரலால் சுற்ற வரவேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. கவரை மூடியதும் ஃபில்டர் அறையில் ஆயிலை நிரப்ப மறக்காதீர்கள்; ஆயில் பம்பும் அந்தக் கவரில்தான் இருக்கிறது.

புதுக் கேம் போட்டதும் கார் இன்ஜினைப் போல, வண்டியை நகர்த்தாமல் இருபது நிமிடம் இன்ஜினை ஓடவிடச் சொல்வார்கள். காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டருக்கு அது ஆகாது. கேமிலும் டேப்பட் அடியிலும் உரசலைக் குறைக்கும் அசெம்பிளி பேஸ்டைத் தடவி, ஸ்டார்ட் ஆனவுடன் ஐடிலில் விடாமல் சாலைக்கு எடுத்துவிடுங்கள். சமதளத்தில், மிதமான வேகத்தில், ஏற்றி இறக்கி அரை மணி நேரம்.

500 கிலோமீட்டரில் என் வண்டியின் 20டபிள்யூ-50 ஆயிலை இறக்கி, வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பார்த்தேன். உலோகத் துகளின் மினுமினுப்பு இல்லை. புஷ் ராடு இடைவெளியும் மாறவில்லை. அடுத்த மாதம் அதே பைகளோடு, அதே கூடாரத்தோடு காரவள்ளிக்குப் போனோம். அந்த வளைவுகளில் பெரும்பாலானவற்றை இரண்டாவது கியரிலேயே ஏறினோம்.

நன்றி, வணக்கம்.