எங்கே நொறுங்கியது?

நண்பர்களே, விபத்துச் செய்தி என்றால் நம் நாளிதழ்களில் ‘கார் அப்பளம்போல் நொறுங்கியது’ என்ற வரி தவறாமல் வந்துவிடும். பொறியாளர் அதைப் படித்தால், எங்கே நொறுங்கியது என்றுதான் கேட்பார். முன்பக்கம் நொறுங்கத்தான் வேண்டும். ஆள் உட்கார்ந்திருக்கும் கூடு நொறுங்கக் கூடாது. பெலா பரேனி என்ற மெர்சிடிஸ் பொறியாளர் 1950களின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் ஒரு கார் சுவரில் மோதுகிறது. உள்ளே இருப்பவர் அரை மீட்டருக்குள் நின்றாக வேண்டும் என்றால், தன் எடையைப்போல் சராசரியாக 32 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். ஒரு மீட்டர் கிடைத்தால் 16 மடங்கு போதும். ஆக, சுவரில் மோதும்போது உயிரைக் காப்பது முன்பக்கம் நொறுங்கக் கிடைக்கும் நீளம். பெட்ரோலைக் குடிப்பது எடை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் ‘மைலேஜ் வண்டி என்றால் ஆபத்து’ என்கிறோம்.

சரி, நீளமே இல்லாத காரில் என்ன செய்வது? 1998-இல் வந்த ஸ்மார்ட் காரின் மொத்த நீளமே இரண்டரை மீட்டர்தான். கூட்டை முரட்டு எஃகில் கட்டி, வெளியே பிளாஸ்டிக் பலகைகளை மாட்டினார்கள். எஞ்சினைப் பின்பக்கம் தள்ளினார்கள். சீட் பெல்ட்டில்தான் சூட்சுமம்: மோதிய கணமே வெடுக்கென்று இழுத்து இறுக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். கூட்டுக்குள் மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே இருக்கும் இடமே நிற்கும் தூரமாகிறது. பெல்ட் அலாரம் கத்தக் கூடாது என்று வெறும் கிளிப் வாங்கிச் சொருகுபவர்கள் தூக்கி எறிவது இதைத்தான்.

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம், தடுப்பில் மோதவிட்டுப் பார்க்கும் சோதனையில் ஸ்மார்ட் ‘நன்று’ வாங்கியது. 2009-இல் அதே ஆய்வகம் அதை மெர்சிடிஸ் சி கிளாஸுடன் நேருக்கு நேர் மோதவிட்டபோது ‘மோசம்’ என்று முடிவு வந்தது. ஒரு வண்டி 800 கிலோ, எதிர் வண்டி 1,600 கிலோ, இரண்டும் 64 கி.மீ. வேகம் என்று வையுங்கள். மோதி இரண்டும் ஒட்டிக்கொண்டால், சின்ன கார் நிற்பதோடு விடாது; 21 கி.மீ. வேகத்தில் பின்னோக்கித் தள்ளப்படும். அதன் வேக மாற்றம் 85 கி.மீ., பெரியதற்கு 43தான்.

நம் நாட்டில் கூடே ஆட்டம் கண்ட காலம் உண்டு. கார்களை மோதவிட்டு நட்சத்திரம் போடும் பன்னாட்டு அமைப்பான குளோபல் என்கேப் 2014-இல் சோதித்த ஐந்து சின்ன கார்களும் பூஜ்ய நட்சத்திரம். அவற்றில் போலோவின் கூடு தாங்கியிருந்தது. இரண்டு ஏர்பேக் வைத்ததும் நான்கு நட்சத்திரம் வாங்கிவிட்டது. ஆல்டோவின் கூடு தாங்கவில்லை. அதில் ஏர்பேக் மட்டும் வைத்து என்ன பயன்? அந்த பலூன் சாய்ந்துகொள்ள ஒரு நிலையான இடம் வேண்டாமா? 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கே உரிய நட்சத்திரச் சோதனையான பாரத் என்கேப் வந்த பிறகு, ஷோரூமில் நட்சத்திரம் கேட்பது சகஜமாகிவிட்டது. நல்லது.

“அப்படியானால் பெரிய வண்டியே வாங்கிவிடலாமே?” என்று கேட்பீர்கள். வாங்கலாம், எதிரே வருபவர் செலவில். நான் கேட்பது பெரிய வண்டியின் எடையைக் குறைக்க. அந்த 1,600 கிலோவை 1,200 ஆக்கினால், சின்ன காரின் வேக மாற்றம் 85-லிருந்து 77-க்கு இறங்கும். உள்ளே இருப்பவர் உடல் இழக்க வேண்டிய ஆற்றலில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். பெரிய வண்டிக்காரருக்கு பெட்ரோலும் மிச்சம்.