பழைய கார் செட்ல போன் பாட்டு: எஃப்எம் ப்ளூடூத் இரையுது, செட்டையே மாத்தணுமா?

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி, ஆனா விவரமா சொல்ல வேண்டிய கேள்வி. "என் கார் 2004 மாடல். வண்டியோடவே வந்த கேசட், சிடி செட் இருக்கு, ரேடியோவும் நல்லா எடுக்குது. போன்ல இருக்கிற பாட்டைக் கேக்கலாம்னு லைட்டர் சாக்கெட்ல சொருகுற எஃப்எம் ப்ளூடூத் வாங்கிப் போட்டேன். ஊருக்குள்ள ஒரே இரைச்சல். ஆக்ஸிலேட்டர் மிதிச்சா கூடவே 'வீ...'ன்னு ஒரு சத்தம் ஏறுது. செட்டையே மாத்தணுமா? மாத்தினா பேட்டரி இறங்கிடும்னு சொல்றாங்களே, அது உண்மையா?"

முதல்ல, நீங்க சொல்ற ரெண்டு சத்தமும் ஒண்ணு கிடையாது. காரணம் வேற, மருந்தும் வேற.

ஊருக்குள்ள வர்ற இரைச்சல் எஃப்எம்மோட பிரச்சினை. அந்தக் குட்டி சாதனம் ஒரு சின்ன ரேடியோ ஸ்டேஷன். ரொம்பக் குறைஞ்ச சக்தியிலதான் அது ஒலிபரப்பலாம், சட்டமே அப்படித்தான். அதே அலைவரிசையிலயோ பக்கத்திலயோ பெரிய ஸ்டேஷன் ஒண்ணு இருந்தா உங்க பாட்டை அமுக்கிடும். 87.5-ல இருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் தேடி, காலியா இருக்கிற இடத்துல வைக்கணும். சும்மா ஒரு எண் காலியா இருந்தா பத்தாது, அதுக்கு ரெண்டு பக்கமும் 0.2 மெகாஹெர்ட்ஸாவது காலியா இருக்கணும். இதையெல்லாம் சரியா வச்சாலும், வண்டி நகர நகர காலி இடமும் மாறிக்கிட்டே இருக்கும். அதோட எஃப்எம்ல 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சத்தமே போகாது. அதனால இந்த சாதனத்தை நான் கடைசி வழியாத்தான் வச்சுக்குவேன்.

'வீ'ன்னு ஏறுற சத்தம் ஆல்டர்னேட்டர்ல இருந்து வருது, அதாவது என்ஜின் ஓடறப்போ பேட்டரியை சார்ஜ் பண்ற ஜெனரேட்டர்ல இருந்து. இதை ஒரு நிமிஷத்துல சோதிச்சுடலாம். எஃப்எம் ப்ளூடூத், சார்ஜர் எல்லாத்தையும் பிடுங்கிட்டு, வெறும் ரேடியோவை வச்சு, வண்டியை நிறுத்தின இடத்துலயே ரேஸ் பண்ணிப் பாருங்க. சத்தம் வரலைன்னா குற்றவாளி அந்த சாதனம்தான். அதுக்குள்ள 12 வோல்ட்டை 5 வோல்ட்டா குறைக்கிற சர்க்யூட்ல ஃபில்டர் சரியில்லை. அப்பவும் வந்தா செட்டோட எர்த்தைப் பாக்கணும், இல்லைன்னா ஆல்டர்னேட்டர்ல டையோடு போயிருக்கும்.

சரி, செட்டை மாத்தணுமா? உங்களுக்குக் கட்டாயம் இல்லை. உங்ககிட்ட கேசட் டெக் இருக்கு, அது பெரிய வசதி. கேசட் அடாப்டர்னு ஒண்ணு வரும். பாக்க கேசட் மாதிரியே இருக்கும், உள்ள டேப்புக்கு பதிலா ஒரு சின்ன காந்த ஹெட் இருக்கும். அது டெக்கோட ஹெட்டுக்கு நேரா உக்காந்து சத்தத்தைக் கடத்தும். நடுவுல ரேடியோவே இல்லை, அதனால ஸ்டேஷன் வந்து மோதாது. வயர் வச்சதும் வருது, பேட்டரி வச்ச ப்ளூடூத் மாடலும் வருது.

இதுல வர்ற தொந்தரவு ரெண்டு. போட்ட உடனே வெளிய தள்ளுது, இல்லைன்னா 'கடக் கடக்'னு பக்கம் மாறிக்கிட்டே இருக்கு. ரீல் சுத்துதான்னு டெக் கவனிக்குது. அடாப்டருக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம் இறுகிப்போனா, டேப் முடிஞ்சுடுச்சுன்னு டெக் நினைச்சுக்குது. வேற அடாப்டர் போட்டா சரியாயிடும். இன்னொண்ணு, சத்தம் மங்கலா இருக்கு, ஒரு பக்கம் கம்மியா கேக்குது. டெக்கோட ஹெட்ல அழுக்கு. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சுக்குச்சியை வச்சு ஹெட்டை மெதுவா துடைங்க. டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கிற வசதி) பட்டன் இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, அது ஆன்ல இருந்தா மேல் ஸ்தாயி எல்லாம் அமுங்கிடும்.

வயர் அடாப்டர் வாங்கறவங்க கவனிக்க வேண்டியது: போன்ல 3.5 எம்எம் ஓட்டை இல்லைன்னா டைப்-சி கன்வெர்ட்டர் வேணும். அதுல டிஏசி சிப் (போனோட டிஜிட்டல் சிக்னலை ஆடியோவா மாத்துறது) இருக்கிறதா பாத்து வாங்குங்க. சிப் இல்லாத வெறும் வயர் எல்லா போன்லயும் வேலை செய்யாது. சொருகினா சத்தமே வராது, போன் கெட்டுப்போச்சுன்னு பயந்துடுவீங்க.

கேசட் இல்லாம சிடி மட்டும் இருக்கிறவங்க, செட்டை வெளிய எடுத்து அதோட முதுகைப் பாக்கணும். ஆக்ஸ் இன்புட் (வெளிய இருந்து ஆடியோ வயர் சொருகுற ஓட்டை) பின்னாடி மட்டும் இருக்கிற செட்டும் உண்டு. சிடி சேஞ்சருக்குன்னு (பல சிடியை மாத்தி மாத்திப் போடுற தனிப் பெட்டி) ஒரு கப்ளர், அதாவது வயர் சொருகுற கனெக்டர், காலியா இருந்தா, அதுல ஆக்ஸ் இல்லைன்னா ப்ளூடூத் அடாப்டர் மாட்டலாம். உங்க செட்டோட மாடல் எண்ணைச் சொல்லித்தான் வாங்கணும். வெறும் ஆடியோ வயர் மட்டும் சொருகினா பல செட்டுங்க 'சேஞ்சர் இல்லை'ன்னு சொல்லி அந்த சோர்ஸுக்கே போகாது. சேஞ்சர் இருக்குன்னு செட்டை நம்ப வைக்கிற சர்க்யூட் உள்ள மாடல்தான் வேணும். இது எதுவுமே இல்லைன்னா வயர்ல இணைக்கிற எஃப்எம் மாடுலேட்டர் இருக்கு. ஆன்டெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவுல மாட்டறது. காத்துல போகாம வயர் வழியாவே சிக்னல் போறதால, லைட்டர் சாக்கெட் வகையை விட எவ்வளவோ சுத்தமா இருக்கும்.

யூஎஸ்பி ஓட்டை இருக்கிற செட்ல போனை சொருகினா ஏன் பாட்டு வரலைன்னும் நிறைய பேர் கேக்கறாங்க. அந்த செட் பென்டிரைவைத்தான் படிக்கும். இப்போ வர்ற ஆண்ட்ராய்டு போன் பென்டிரைவ் மாதிரி தன்னைக் காட்டிக்காது, எம்டிபின்னு வேற முறையில பேசும். அதனால சார்ஜ் மட்டும்தான் ஏறும். எஃப்ஏடி32-ல ஃபார்மட் பண்ண பென்டிரைவ்ல எம்பி3 போட்டுக் கேளுங்க, அது வேலை செய்யும்.

ஆக்ஸ் கிடைச்சு, அதுல ஒரு ப்ளூடூத் ரிசீவரை மாட்டி, அதுக்குக் கரண்ட்டும் அதே வண்டியில இருந்து எடுத்தீங்கன்னா, மறுபடியும் அந்த 'வீ' சத்தம் வரலாம். இப்போ காரணம் கிரவுண்ட் லூப். எர்த்துக்கு ரெண்டு பாதை ஆயிடுது, கரண்ட் வயர் வழியா ஒண்ணு, ஆடியோ வயர் வழியா ஒண்ணு. கரண்ட் வயரைப் பிடுங்கி, ரிசீவரை அதோட பேட்டரியில ஓட்டிப் பாருங்க. சத்தம் நின்னா லூப்தான். ஆடியோ வயர்ல கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போடலாம், உள்ள ரெண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கும். மட்டமானதைப் போட்டா பேஸ் குறையும். சால்டர் பிடிக்கத் தெரிஞ்சவங்க பி0505எஸ்னு ஒரு மாட்யூலை 5 வோல்ட் வயர்ல போடுங்க. அது கரண்ட்டைத் தனியா பிரிச்சுக் குடுக்கும், ஆடியோவைத் தொடவே தொடாது. 200 மில்லிஆம்பியர் வரைக்கும்தான் தாங்கும். சின்ன ரிசீவருக்கு அது போதும், அதுல போன் சார்ஜ் மட்டும் போடாதீங்க.

இப்போ செட்டையே மாத்தறதுன்னு முடிவு பண்ணவங்களுக்கு. கார் செட்டோட அளவை 'டின்'னு சொல்வாங்க. சிங்கிள் டின்னா முகப்பு 180க்கு 50 மி.மீ., டபுள் டின்னா 180க்கு 100. அகலம், உயரத்தை எல்லாரும் அளக்கறாங்க, ஆழத்தை யாரும் அளக்கறதில்லை. பழைய வண்டியில செட்டுக்குப் பின்னாடி இடமே இருக்காது, புது கப்ளர், அடாப்டர் எல்லாம் அங்கதான் திணியணும். சிடி போடுற மெக்கானிசம் இல்லாத செட்டா வாங்கினா ஆழம் பாதிக்குப் பாதி கம்மியா இருக்கும். போன்ல பாட்டு கேக்கறவங்களுக்கு சிடி எதுக்கு?

பேட்டரியைக் கழட்டறதுக்கு முன்னாடி பழைய செட்டுக்கு ரேடியோ கோடு (செட்டைத் திறக்கிற ரகசிய எண்) இருக்கான்னு பாருங்க. கோடு தெரியாமக் கரண்ட்டை எடுத்தா அந்த செட் பூட்டிக்கும். பழசையே திரும்பப் போடணும்னு வந்தா தவிப்பீங்க. அப்புறம் பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டிட்டு, செட்டைக் கழட்டறதுக்குன்னே வர்ற, முகப்புல சொருகுற தனி சாவி வச்சு வெளிய இழுங்க. வண்டியோட கப்ளரை வெட்டாதீங்க. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. வெட்டிட்டா எந்த வயர் எதுக்குன்னு திரும்பக் கண்டுபிடிக்கிறது பெரும்பாடு. உங்க வண்டிக்கான அடாப்டர் கப்ளர் வாங்கி, மேஜையில வச்சு புது செட்டோட வயர்களோட இணைங்க. 10 மி.மீ. உரிச்சு, முறுக்கி, சால்டர் வச்சு, ஹீட் ஷ்ரிங்க் (சூடு பண்ணா சுருங்கி இறுகுற பிளாஸ்டிக் குழாய்) போடுங்க. ஷ்ரிங்க் ட்யூபை முறுக்கறதுக்கு முன்னாடியே வயர்ல ஏத்திடணும், சால்டர் வச்சப்புறம்தான் அது ஞாபகம் வரும். சும்மா முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தினா, டேஷ்போர்டு சூட்டுல பசை இளகி டேப் அவுந்துடும்.

பேட்டரி இறங்குற விஷயத்துக்கு வருவோம். புது செட்ல மஞ்சள் வயர் எப்பவும் 12 வோல்ட் இருக்கிற இடத்துக்குப் போகணும், மெமரிக்கும் செட்டு ஓடறதுக்கும் அதுதான். சிவப்பு வயர் சாவி போட்டா மட்டும் 12 வோல்ட் வர்ற இடத்துக்கு. கறுப்பு எர்த். சில வண்டிகள்ல, முக்கியமா ஃபோக்ஸ்வாகன் குழுமத்து பழைய மாடல்கள்ல, கப்ளர்ல மஞ்சளும் சிவப்பும் வர்ற இடம் மாறியிருக்கும். அப்படியே சொருகிட்டா, சாவி எடுக்கிற ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷன், கடிகாரம் எல்லாம் அழிஞ்சுடும். அந்தத் தொல்லையைத் தீக்கிறேன்னு ரெண்டு வயரையும் சேத்து எப்பவும் கரண்ட் இருக்கிற இடத்துல முறுக்கிடறாங்க பாருங்க, அங்கதான் பேட்டரி இறங்குது. சாவி எடுத்தது செட்டுக்குத் தெரியாது, ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டே இருக்கும்.

அதனால கலரை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க. பேட்டரியை மாட்டி, சாவி இல்லாம கப்ளரோட எந்தப் பின்ல 12 வோல்ட், சாவி போட்டா எதுல வருதுன்னு பாத்துட்டு, பேட்டரியைத் திரும்பக் கழட்டிட்டு இணைங்க. சாவி போட்டும் எந்தப் பின்லயும் வரலைன்னா, உங்க வண்டி கேன் பஸ் (வண்டியோட பாகங்கள் தங்களுக்குள்ள தகவல் அனுப்புற டேட்டா இணைப்பு) வண்டியா இருக்கலாம். சாவி போட்ட தகவல் டேட்டா வயர்ல வரும், அதுக்குத் தனி அடாப்டர் தேவை. எல்லாம் மாட்டின பிறகும் சந்தேகம் இருந்தா, பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டி, முனைக்கும் வயருக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சுல வச்சு, அரை மணி நேரம் கதவைத் தொடாம விட்டுப் பாருங்க. 50 மில்லிஆம்பியருக்குக் கீழ இருந்தா நிம்மதியா தூங்கலாம். மீட்டர் இருக்கிறப்போ வண்டியை மட்டும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

ஸ்பீக்கர் வயர்ல வெள்ளை முன்பக்க இடது, சாம்பல் முன்பக்க வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். நெகட்டிவ்னு பேர்தானே தவிர அது எர்த் இல்லை. இந்த செட்டுங்கள்ல ஸ்பீக்கரோட ரெண்டு வயர்லயும் பேட்டரி வோல்ட்டேஜ்ல பாதி, ஏறக்குறைய 6 வோல்ட், செட் ஆன்ல இருக்கிற வரைக்கும் நிக்கும். அதை பாடியில தொட்டா உள்ள ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப்ளிஃபயர் சிப் போயிடும். ரொம்பப் பழைய வண்டிகள்ல ரெண்டு ஸ்பீக்கருக்கும் சேத்து ஒரே நெகட்டிவ் வயரை பாடியில பிடிச்சிருப்பாங்க. அந்த வண்டியில ஸ்பீக்கருக்குப் புது வயர் ஓட்டித்தான் ஆகணும்.

டப்பாவுல 50 வாட்ஸ் இன்ட்டு 4-னு போட்டிருக்கும். செட்டோட முதுகுல இருக்கிற ஃபியூஸைப் பாருங்க, 10 ஆம்பியர்னு வச்சுக்குவோம். 14.4 வோல்ட்டை 10-ஆல பெருக்கினா 144 வாட்ஸ். உள்ள போறதே 144-ன்னா வெளிய 200 எப்படி வரும்? நிஜமா கிடைக்கிறது ஒரு ஸ்பீக்கருக்கு 15-ல இருந்து 20 வாட்ஸ். பழைய ஸ்பீக்கருக்கு அது தாராளம், பயப்பட வேணாம்.

செட்டை உள்ள தள்றதுக்கு முன்னாடி ஃபேடர் (முன்-பின்), பேலன்ஸ் (இடது-வலது) வச்சு ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியா கேட்டுப் பாருங்க. நாலும் பாடுது, ஆனா பேஸ் இல்லைன்னா ஒரு ஸ்பீக்கர்ல பிளஸ் மைனஸ் மாறியிருக்கு. வயரை செட்ல இருந்து பிரிச்சுட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை அந்த வயர்ல ஒரு நொடி தொடுங்க. ஸ்பீக்கரோட கோன் (அதிர்ற கூம்பு) வெளிய துள்ளினா, பேட்டரியோட பிளஸ் தொட்ட வயர்தான் ஸ்பீக்கரோட பிளஸ். சத்தமே வராம செட் மட்டும் ஓடுதுன்னா, வண்டியில கம்பெனி ஆம்ப்ளிஃபயர் தனியா இருக்கும், நீலம்-வெள்ளைக் கோடு வயரை அதுக்குக் குடுக்கணும். ரேடியோ முன்ன மாதிரி எடுக்கலைன்னா, ஆன்டெனாவுல இருக்கிற பூஸ்டருக்குக் கரண்ட் போகலை. நீல வயர் அதுக்குத்தான்.

கடைசியா, செட் வழியா போன் பேசறதுக்கான மைக். செட் முகப்புலயே இருக்கிற மைக் டேஷ்போர்டு அதிர்வையும் ஏசி காத்தையும்தான் நல்லா பிடிக்கும். வெளி மைக் குடுத்திருந்தா ஸ்டீரிங் காலம் மேலயோ, கண்ணாடி ஓரத் தூண்லயோ வாய்க்கு நேரா மாட்டுங்க. தூண்ல ஏர்பேக் இருந்தா அதுக்கு முன்னாடி வயரைக் கொண்டுபோகக் கூடாது, பின்னாடி, ஏற்கெனவே போற வயர் கட்டோட சேத்துக் கட்டுங்க. எதிர்ல பேசறவருக்கு அவர் குரலே திரும்பக் கேக்குதுன்னா, செட்டோட மைக் கெயினை (மைக் எவ்வளவு சத்தத்தைப் பிடிக்கணும்ங்கிற அளவு) ஒரு படி இறக்கினாலே பெரும்பாலும் சரியாயிடும்.