நான்கு நாற்காலிகளும் பாலையாவும்

(மும்பை மாட்டுங்காவில் ஒரு ஞாயிறு மாலை, ‘காதலிக்க நேரமில்லை’ திரையிடலுக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இன்னும் சற்று நேரத்தில் படம் ஆரம்பமாகிவிடும். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களில் பாதிப் பேருக்கு வசனமே மனப்பாடம். ஆகவே கதையை முழுக்கச் சொல்லப் போவதில்லை. ஊரை விட்டு இங்கே பிழைக்க வந்த குடும்பங்களுக்கு இந்தப் படம் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அதை எங்கள் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1986. செம்பூரில் ஒன் ரூம் கிச்சன். அக்காவைப் பெண் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். வீட்டில் இருப்பது ஒரு கட்டிலும் இரண்டு ஸ்டூலும். அப்பா எதிர்வீட்டு மராட்டிக் குடும்பத்திடம் நான்கு இரும்பு மடக்கு நாற்காலிகளை இரவல் வாங்கி வந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் அவர்கள் குடும்பப் பெயர் வெள்ளை பெயிண்டில் பெரிதாக இருக்கும். கல்யாணம், பூஜை என்று நாலு வீட்டுக்குப் போகிற நாற்காலி திரும்பி வர வேண்டுமே! அப்பா அந்த எழுத்தை மறைத்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் போட்டு வைத்தார்.

பஜ்ஜி, கேசரி எல்லாம் முடிந்தது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்தபோது துண்டு சரிந்துவிட்டது. “இதென்ன எழுத்து?” என்று கேட்டார். அப்பாவுக்கு வாய் வரவில்லை. வாசலில் நின்றிருந்த எதிர்வீட்டுக் காக்கூவுக்கு (மராட்டியில் சித்தி) தமிழ் தெரியாது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. “கம்பெனி, கம்பெனி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சம்பந்தம் முடிவானது. அடுத்த மாதம் நிச்சயதார்த்தத்தன்று ராத்திரி வி.சி.ஆர். வாடகைக்கு எடுத்து இந்தப் படத்தைப் போட்டோம். பணக்கார வீட்டுப் பெண்ணைக் காதலிக்கும் ஏழைப் பையன் அசோக்குக்குப் பணக்கார அப்பாவாக வேஷம் போட்டுக்கொண்டு, நண்பன் வாசு நரைத்த தலையோடு வருகிறான், இல்லையா? முத்துராமன் அப்படி வந்து நின்றதும் எங்கள் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் சம்பந்தியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அவர் உட்கார்ந்திருந்தது அதே இரும்பு நாற்காலியில். அன்றைக்கு அப்பா துண்டு போடவில்லை.

அன்று நான் ஸ்கூல் பையன். பிறகு எத்தனையோ முறை இந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்த ராத்திரி நினைவுக்கு வரும். கல்யாணம் பேசுகிற வீட்டில் பயம் இருக்கிறது. பையன் என்ன சம்பாதிக்கிறான், சொந்த வீடா, சம்பந்தி எப்படிப்பட்ட ஆள் என்று அந்தப் பக்கம் விசாரிப்பார்கள். நம்மிடம் இருப்பது போதாதோ என்று இந்தப் பக்கம் உள்ளுக்குள் உதறும். இந்தப் படம் அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு சிரிக்க வைக்கிறது. அதில் யாரையும் சிறுமைப்படுத்தவில்லை. பொய் சொல்கிறவன் கெட்டவன் இல்லை, கல்யாணம் நடக்க வேண்டுமே என்று சொல்கிறான். பணத்தைப் பார்த்து மயங்குகிற பெண்ணின் அப்பாவும் கெட்டவர் இல்லை. மகள்கள் நன்றாக வாழ வேண்டும் என்பதுதான் அவருக்கு. நல்ல வாழ்வு என்றால் பணம் என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

இயக்குநர் ஸ்ரீதர் இதற்கு முன் எடுத்த படங்களை நினைத்துப் பாருங்கள். 1959இல் ‘கல்யாணப் பரிசு’, 1962இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. ஜனங்களை அழ வைத்த மனிதர். அவரும் எழுத்தாளர் சித்ராலயா கோபுவும் சேர்ந்து 1964இல் ஒரு வில்லன்கூட இல்லாமல் முழுநீளச் சிரிப்புப் படம் எடுத்தார்கள். அதுவும் ஈஸ்ட்மென் கலரில். ராஜா ராணியும் புராணமும் இல்லாமல், சாதாரண மனிதர்களை அப்படிக் கலரில் பார்ப்பது அன்று புதுசு. வின்சென்டின் கேமராவில் ஆழியாறு பக்கம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று இன்று பெரிய திரையில் பாருங்கள். பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் படம் போட முடியாது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி, கண்ணதாசன் என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

அப்புறம், பாலையா. இந்தப் படத்தின் உயிர் அவர்தான் என்பது என் கட்சி. 1936இல் ‘சதிலீலாவதி’யில் அறிமுகமானவர், எத்தனையோ படங்களில் வில்லனாக மிரட்டியவர். அந்த மனிதர் இதில் சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், இரண்டு பெண்களுக்கும் ஒரு பிள்ளைக்கும் அப்பா. பிள்ளை செல்லப்பா (நாகேஷ்) சினிமா எடுக்கிறேன் என்று ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் ஆரம்பித்துவிட்டு, பணத்துக்கு அப்பாவையே சுற்றி வருகிறான். அவன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை நீங்கள் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். எல்லோரும் நாகேஷைப் புகழ்வார்கள், புகழட்டும். கதவுச் சத்தமும் காலடியும் எல்லாமே அவர்தானே! ஆனால் நாகேஷ் வாயால் எழுப்புகிற அந்த இருட்டு பங்களா பாலையாவின் முகத்தில்தான் நமக்குத் தெரிகிறது. பிள்ளை உருப்படவே மாட்டான் என்று முடிவு கட்டிய அப்பாதான், அந்தக் கதைக்குள் குழந்தை மாதிரி மாட்டிக்கொள்கிறார். பாசம் இல்லாத இடத்தில் அப்படிப் பயப்பட முடியாது என்று எனக்குத் தோன்றும்.

இங்கே இந்திக்காரர்களிடம் பேசும்போது ‘பியார் கியே ஜா’ தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும், அது நம் படம்தான். ஸ்ரீதரே 1966இல் இந்தியில் எடுத்தார். அங்கே அப்பா ஓம் பிரகாஷ், பிள்ளை மெஹ்மூத். அந்தப் பேய்க்கதைக் காட்சிக்கு அவர்களும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். மெஹ்மூத் பெரிய கலைஞர், மறுக்கவே மாட்டேன். இருந்தாலும் எனக்கு அதில் ஒன்று குறைகிறது. பாலையா பிள்ளையைத் திட்டும்போது நம் பெரியப்பா குரல் கேட்கிறது. ஓம் பிரகாஷிடம் அது எனக்குக் கேட்கவில்லை. இது பாஷைப் பற்றாகவும் இருக்கலாம், இருக்கட்டும்.

சரி, நேரமாகிவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள். செல்லப்பா கதை சொல்ல ஆரம்பித்ததும் நாகேஷைப் பார்க்காதீர்கள். முடியாதுதான், முயற்சி செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே பாலையா, அவர் கண்கள் எங்கே போகின்றன என்று மட்டும் பாருங்கள். பின்னால் நிற்கிறவர்களுக்கு ஓரத்தில் இன்னும் நான்கு நாற்காலிகள் இருக்கின்றன, எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கை அணைக்கலாம்.