ஒரு பேரிங் தேய்ந்தால் போர்ஷே என்ஜினே போய்விடும், ஏன்?

[காட்சி: ஏப்ரல் சீசன், நுவரெலியா. கிரகரி வாவியோரம் நிற்கும் கார்கள்]

குரல்: மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு ஒரு பழைய போர்ஷே வாங்கும் ஆசை இருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் 1996இல் வந்த பொக்ஸ்டர், அடுத்த ஆண்டு வந்த 911 (அதன் 996 என்னும் வகை), இரண்டையும் வாங்குமுன் என்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் ஒரு பேரிங்கைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

[வரைபடம்: என்ஜினின் குறுக்கு வெட்டு]

இந்தக் கார்களை உருவாக்கிய காலத்தில் போர்ஷே பணநெருக்கடியில் இருந்தது. காற்றால் குளிரும் பழைய என்ஜினை விட்டுத் தண்ணீரால் குளிரும் எம்96 என்ஜினுக்கு மாறியது. செலவைக் குறைக்க இரண்டு கார்களுக்கும் ஒரே என்ஜின் குடும்பம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளுக்குச் செயின் வழியாகக் கொண்டுபோக நடுவில் ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது கிரீஸ் அடைத்து மூடிய பால் பேரிங்.

பிரச்சினை இங்கேதான். நாளாக ஆக மூடி தேயும், கிரீஸ் கரைந்துபோகும், அழுக்கு ஒயில் உள்ளே தங்கும். அப்புறம் குண்டுகள் தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கும். செயின் நேரம் தவறியதும் வால்வு பிஸ்டனில் மோதும். அத்தோடு என்ஜின் முடிந்தது.

அதே காலத்து 911இன் உயர்வகைகளான டர்போவிலும் ஜிடி3யிலும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் இருந்தது போர்ஷே பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் வடிவமைப்பில் வந்த என்ஜின். அங்கே இடைத்தண்டு அழுத்தத்தோடு வரும் ஒயிலில் சுழலும். நல்ல வழி தெரிந்திருந்தும் மலிவான வழியை எடுத்தார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். 2009 மாடல் 911இல் வந்த புதிய என்ஜினில் இடைத்தண்டையே எடுத்துவிட்டார்கள்.

[காட்சி: பனி மூடிய காலை, மேட்டுப் பாதை]

நம் மலைநாட்டில் கூடுதல் கவனம் வேண்டும். குளிர்காலையில் வீட்டிலிருந்து டவுன் வரை மட்டும் ஓடினால் ஒயில் சூடாகாது. அதில் நீரும் பெற்றோலும் தங்கும். சீசனுக்கு மட்டும் வெளியே எடுக்கும் காருக்கும் அதே கதி. வாரம் ஒருமுறையாவது ஹற்றன் பக்கம் நீண்ட ஓட்டம் போங்கள். என்ஜின் சூடாகும்வரை மிதிக்க வேண்டாம். ஒயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள்.

வாங்கும்போது மெக்கானிக் பாஸிடம் சொல்லி ஒயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். உலோகத் துகள் மின்னினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். சுத்தமாக இருந்தால், கிளச் மாற்றக் கியர் பொக்ஸைக் கழற்றும் நாளில் பேரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள். 2006 முதல் 2008 வரை வந்த அடுத்த தலைமுறை பொக்ஸ்டர், 911 கார்களில் பேரிங் பெரியது, உறுதியும் கூட. ஆனால் என்ஜினைப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது.